யூ டர்ன் போடலாமா, கூடாதா?

வண்டியில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று, "அடடா, தாண்டி வந்துட்டோமே!" என்று தோன்றுகிறது. என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். லேசாக ஓரங்கட்டி, முன்னால் ஒரு பார்வை, பின்னால் அரைப் பார்வை, அப்புறம் ஹேண்டிலை ஒரே ஒடி. வந்த வழியே திரும்பிவிடலாம். ஓர் ஆங்கில எழுத்தின் வடிவத்தை வைத்து இதற்கு யூ டர்ன் என்று பெயர். (நம்ம ‘ப’வும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். ‘ப டர்ன்’ என்று ஒருத்தரும் சொல்லாதது தமிழுக்கு நடந்த அநியாயம்!)

இத்தனை சின்ன விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். ஆலங்குளத்துப் பையன் ஒருவனுக்கு இந்தச் சின்ன விஷயம் படிப்பில் இரண்டு வருஷத்தையும், அவன் நண்பனுக்கு ஒரு முழங்காலையும் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையோடு சேர்த்துத்தான் இந்த விதியையும் பார்க்கப் போகிறோம்.

லாரியும் தேரும்

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்துக்குப் போய்விட வேண்டாம். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, வெம்பக்கோட்டை தாலுகாவில் இருக்கிறது. 1970ல் ஓடத் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். சிமெண்ட் இருந்தால் லாரி இருக்கும். லாரி இருந்தால் டிரைவர் இருப்பார். பையனின் அப்பாவும் லாரி டிரைவர்தான்.

சின்ன வயதில் லீவு நாட்களில் அவன் அப்பாவோடு லாரியில் போவான். அப்பாவிடம் அவனுக்கு ஒரு விஷயம் புரியவே புரியாது. வழி தவறிவிட்டால்கூட அவர் லாரியை அந்த இடத்திலேயே திருப்ப மாட்டார். எரிச்சலே இல்லாமல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நேராகப் போவார். ஏதாவது ஒரு முக்கு ரோடு வரும். அங்கே கிளீனரை இறக்கிவிட்டு, ரிவர்ஸ் எடுத்து, நிதானமாகத் திரும்புவார்.

"இங்கனயே திருப்புனா என்னப்பா?"

"இதென்ன சைக்கிளாய்யா? இது திரும்பணும்னா ஊரே வழி விடணும்."

அப்பா சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. பஜாஜ் ஆட்டோவின் திருப்பு ஆரம் 2.88 மீட்டர். அதாவது ஆறு மீட்டர் அகல இடம் இருந்தால் ஆட்டோ ஒரே வீச்சில் திரும்பிவிடும். பழைய மாருதி 800க்கு ஆரம் 4.4 மீட்டர், ஆக ஒன்பது மீட்டர் அகலம் வேண்டும். பெரிய பஸ், லாரி என்றால் 20 மீட்டருக்கு மேல் வட்டம் கேட்கும். நம்ம ஊர் இருவழி ரோட்டின் தார்ப்பரப்பு ஏழு மீட்டர்தான். ஆக, ரோட்டிலேயே ‘சர்’ரென்று திரும்பும் யோக்கியதை உள்ள வண்டி ஆட்டோ ஒன்றுதான். (அதனால்தான் அவர்கள் அப்படித் திரும்புகிறார்கள் போல!) லண்டனில் 1906லேயே டாக்ஸிகளுக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். 25 அடி வட்டத்துக்குள் திரும்ப முடிந்தால்தான் அந்த வண்டி வாடகைக்கு ஓடலாம். திரும்புவது என்பது டிரைவரின் சாமர்த்தியம் மட்டுமல்ல, வண்டியின் உடம்பும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அப்போதே புரிந்து வைத்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் இன்னொரு உதாரணமும் உண்டு. "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் பாத்திருக்கேல்ல? அது என்னைக்காவது பாதி வழியில திரும்பி வந்திருக்கா?"

வந்ததில்லை. நிலையிலிருந்து கிளம்பினால் நான்கு ரத வீதியையும் சுற்றித்தான் நிலைக்கு வர முடியும். ஒவ்வொரு மூலையிலும் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். வேகமாக இழுப்பவர்களை விட, சரியான நேரத்தில் கட்டை போடுகிறவர்தான் அங்கே முக்கியம்.

விதி என்ன சொல்கிறது?

சரி, சட்டத்துக்கு வருவோம். யூ டர்ன் போட சட்டம் அனுமதிக்கிறதா? நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் "போர்டு இல்லேன்னா போடலாம்" என்பார்கள். மீதிப்பேர் "போலீஸ் இல்லேன்னா போடலாம்" என்பார்கள்.

1989ன் சாலை விதிகளில் இதற்கென்றே தனியாக ஒரு விதி இருந்தது. அதன் சாரம் இதுதான். தடை செய்யப்பட்ட இடத்தில் யூ டர்ன் கூடாது. போக்குவரத்து நெரிசலான ரோட்டிலும் கூடாது. அனுமதி உள்ள இடத்தில், வலதுபக்கம் திரும்புவதற்கான சைகையைக் காட்டி, பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, பாதுகாப்பு என்று தெரிந்த பிறகுதான் திரும்ப வேண்டும். 2017ல் அந்தப் பழைய விதிகளின் இடத்தில் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. அடிப்படை மாறவில்லை. பலகை தடுத்தால் கூடாது, மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்றால் கூடாது, சிக்னலும் கண்ணாடியும் இல்லாமல் கூடவே கூடாது.

மீறினால்? 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இந்த ஒழுங்குமுறைகளை மீறுவதற்கு 500 ரூபாய் முதல் 1000 ரூபாய் வரை அபராதம். இன்னொன்றையும் அந்தத் திருத்தம் சேர்த்தது. போக்குவரத்து ஓடும் திசைக்கு எதிராக ஓட்டுவது, அதாவது நம்ம பாஷையில் ராங் சைடில் போவது, இப்போது ‘ஆபத்தாக ஓட்டுதல்’ என்ற குற்றத்தில் அடங்கும். அதற்கு ஜெயிலும் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், டூவீலர் லைசென்ஸுக்கு நம்ம ஊரில் எட்டு போடச் சொல்கிறார்கள். எட்டு என்பது என்ன? இரண்டு யூ டர்னை எதிரும் புதிருமாக ஒட்டவைத்தால் எட்டு! ஆக, லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் திரும்பத் தெரியும். எங்கே திரும்புவது என்பதைத்தான் அந்த மைதானத்தில் யாரும் கேட்பதில்லை.

சிங்கப்பூர்க்காரர் கண்டுபிடித்த வியாதி

பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு சவுண்ட் பிளாஸ்டர் கார்டு ஞாபகம் இருக்கும். 1989ல் அதைக் கொண்டுவந்த கிரியேட்டிவ் நிறுவனத்தின் நிறுவனர் சிம் வோங் ஹூ. சிங்கப்பூர்க்காரர். 2023 ஜனவரியில் காலமானார். அவர் 1999ல் எழுதிய புத்தகத்தில் யூ டர்னை வைத்து ஒரு விஷயம் சொன்னார்.

அமெரிக்காவில் பொதுவாக, ‘யூ டர்ன் கூடாது’ என்று பலகை இல்லாத இடத்தில் திரும்பலாம். சிங்கப்பூரில் ‘யூ டர்ன் போடலாம்’ என்று பலகை இருக்கும் இடத்தில் மட்டும்தான் திரும்பலாம். பலகை இல்லையா? நேராகப் போய்க்கொண்டே இரு! பார்க்க இது ரோடு சம்பந்தப்பட்ட சின்ன வித்தியாசம். ஆனால் இதே பழக்கம் மனசுக்குள்ளும் ஏறிவிடுகிறது என்றார் அவர். மேலிருந்து யாராவது ‘செய்யலாம்’ என்று சொல்லும்வரை ஒருவரும் எதையும் செய்வதில்லை. புதிதாக எதையாவது கேட்டால், விதியில் இல்லையே என்பதுதான் பதில். இதற்கு அவர் ‘நோ யூ டர்ன் சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்துவிட்டார். சிங்கப்பூரில் இன்றைக்கும் இந்த வார்த்தையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

நம்ம விதி இந்த இரண்டிலும் சேராது என்பதைக் கவனித்தீர்களா? பலகை இருந்தால் பலகை சொல்லும். பலகை இல்லாத இடத்தில், இந்த ரோடு நெரிசலா, யாருக்காவது இடைஞ்சலா என்று முடிவு செய்ய வேண்டியவர் ஓட்டுகிறவரே. கேட்க சுதந்திரம் மாதிரி இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் மூன்றிலும் கஷ்டமான விதி இதுதான். தப்பு நடந்தால் "போர்டு வைக்கலையே சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

திரும்புவது ஒன்றும் பாவமில்லை. அதை வைத்தே நெரிசலைக் குறைத்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1960களிலிருந்தே பல சந்திப்புகளில் நேரடியாகக் குறுக்கே திரும்ப முடியாது. கொஞ்ச தூரம் போய், யூ டர்ன் எடுத்துத்தான் வர வேண்டும். நம்ம கோயம்புத்தூரில் 2022, 2023 வாக்கில் மாநகரப் போலீஸ் லாலி ரோடு உள்பட பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ டர்னும் வைத்தார்கள். சிவப்பு விளக்கில் நிற்பதற்குப் பதில் கொஞ்சம் சுற்றிப் போ என்பதுதான் கணக்கு. சென்னை ராஜீவ் காந்தி சாலையில் இந்திரா நகர் அருகே யூ வடிவத்திலேயே ஒரு மேம்பாலம் கட்டி 2023 நவம்பரில் திறந்தார்கள். ஒரு யூ டர்னுக்காக ஒரு பாலம்!

இவை எல்லாவற்றிலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. திரும்புவதற்கு முன்னால், போக விரும்பாத திசையில் கொஞ்ச தூரம் போயே ஆக வேண்டும்.

ஆறு நிமிஷம்

இப்போது பையன் கதை.

பிளஸ் டூ முடித்ததும் எல்லா வீட்டையும் போல அவன் வீட்டிலும் இன்ஜினியரிங் என்று முடிவானது. கல்லூரி, சாத்தூரைத் தாண்டி நாலுவழிச் சாலையில். அந்த மாதிரிச் சாலைகளில் நடுவில் மீடியன் இருக்கும். திரும்புவதற்கான திறப்புகள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். ஒரு லாரி யூ டர்ன் எடுத்து முடிக்கப் பத்து வினாடி ஆகும் என்றால், அதற்குள் பின்னால் வருகிறவர் 220 மீட்டர் நெருங்கியிருப்பார். ஒவ்வொரு திறப்பும் ஓர் ஆபத்து. அதனால் குறைவாக வைக்கிறார்கள்.

கல்லூரி எதிர்ப்பக்கம். அதற்கு 400 மீட்டர் முன்னால் ஒரு திறப்பு. அடுத்த திறப்பு, கல்லூரியைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளி. முறைப்படி போனால் அந்தத் தூரத்துத் திறப்பு வரை போய்த் திரும்பி வர வேண்டும். மாணவர்கள் யாராவது அப்படிப் போவார்களா? முதல் திறப்பிலேயே புகுந்து, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி 400 மீட்டர் ராங் சைடில் போனால் கேட் வந்துவிடும். எல்லோரும் போனார்கள். அவனும் போனான். இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை.

நான்காம் செமஸ்டர் பிராக்டிகல் அன்று காலை. பின்னால் நண்பன். லேட். அதே திறப்பு, அதே ஓரம். எதிரே வந்த லாரியை ஒரு வேன் ஓவர்டேக் செய்தது. ஆனால் வலதுபக்கமாக இல்லை, இவர்கள் வந்துகொண்டிருந்த இடது ஓரமாக. பைக்கின் வேகம் 40, வேனின் வேகம் 80 என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து வினாடிக்கு 33 மீட்டர் நெருங்கும். நூறு மீட்டர் தூரத்தில் பார்த்தாலும் கிடைப்பது மூன்று வினாடி. அவன் சரளையில் இறக்கினான். வண்டி சறுக்கியது. அவனுக்குச் சிராய்ப்பு. நண்பனின் முழங்கால் நொறுங்கிவிட்டது. இரண்டு ஆபரேஷன், ஒரு செமஸ்டர் போனது. இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறான்.

2022ல் இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் நம்ம தமிழ்நாட்டுக்கு, 64,105. அந்தச் சாவுகளில் ஏறக்குறைய ஐந்து சதவீதம் ராங் சைடில் ஓட்டியதால் வந்தவை. முழங்காலை இழந்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் தனி வரி கிடையாது.

அப்பா திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து, "வண்டிய எடுய்யா" என்று சொல்லி அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். சாத்தூர் தாண்டி, அந்த முதல் திறப்பு வந்ததும், "நேராப் போ" என்றார். கல்லூரியைத் தாண்டி, இரண்டு கிலோமீட்டர் போய், அடுத்த திறப்பில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி, கேட் வாசலுக்கு வந்து நின்றார்கள். அப்பா வாட்சைப் பார்த்தார்.

"ஏழு நிமிசங்கூட ஆகலய்யா."

ராங் சைடில் வந்தால் முக்கால் நிமிஷம். வித்தியாசம் ஆறு நிமிஷம். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பலகை இல்லாத இடத்தில்

அன்று இரவுதான் அவன் அப்பாவிடம் இன்னொரு விஷயத்தைச் சொன்னான். முதல் செமஸ்டரிலிருந்தே இன்ஜினியரிங் பிடிக்கவில்லை. வரலாறு படிக்க ஆசை. காரணம் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. 2022ல் வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரையில், தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் சுடுமண் பொருட்களும் பாசிமணிகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பையன் ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனவன், அப்புறம் லீவு கிடைக்கும்போதெல்லாம் போனான். தான் கிரிக்கெட் விளையாடிய கரிசல் மண்ணுக்கு அடியில் ஒரு பட்டறையே இருந்திருக்கிறது என்பது அவனை என்னவோ செய்துவிட்டது.

பிறகு ஏன் இரண்டு வருஷமாகச் சொல்லவில்லை? சிம் வோங் ஹூ சொன்ன வியாதிதான். ரோட்டில் நம்ம ஊர்ச் சட்டம் எப்படியோ, வீட்டுக்குள் நடப்பது சிங்கப்பூர் சட்டம். ‘இங்கே படிப்பை மாற்றலாம்’ என்று நீலப் பலகை எந்த வீட்டிலும் கிடையாது. பலகைக்காகக் காத்திருந்தான். பலகை வரவில்லை. அரியர்தான் வந்தது. கவனித்துப் பாருங்கள், ரோட்டில் இரண்டு வருஷம் துணிச்சலாக ராங் சைடில் போனவனுக்கு, வீட்டில் இண்டிகேட்டர் போடக்கூடத் தைரியம் வரவில்லை!

அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்.

"கண்ணாடி பாத்தியா?"

அவனுக்குப் புரியவில்லை.

"திரும்பணும்னா திரும்பு. உனக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

பின்னால் என்னென்ன வந்துகொண்டிருந்தன? பேங்கில் வாங்கிய கல்விக் கடன் ஒரு லட்சத்துச் சொச்சம். அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கப்போகும் தங்கை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகும் அம்மா. "எங்க வீட்லயும் ஒரு இன்ஜினியர்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் பெரியப்பா. அவன் ஒரு நோட்டில் எழுதினான். கடனை எப்படிக் கட்டுவது, தங்கையின் ஃபீஸ் போக என்ன மிஞ்சும், அரசுக் கல்லூரியில் பி.ஏ. சேர எவ்வளவு ஆகும், எத்தனை வருஷம் பின்தங்குவான். எழுத எழுதத்தான் அவனுக்கே தெரிந்தது, இத்தனை நாளாக ஒரு முறைகூடக் கண்ணாடியைப் பார்த்ததில்லை என்று.

ஒரு மாதம் கழித்து நோட்டை அப்பாவிடம் கொடுத்தான். சனி, ஞாயிறு ராஜபாளையத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதி மாதாமாதம் கடனுக்குக் கட்டுவது என்று முடிவு. அந்த வருஷப் பரீட்சைகளைப் பாதியில் விடாமல் எழுதி முடித்தான். எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்களுக்கு, "அடுத்த கேப் வரைக்கும் போயிட்டுத் திரும்புறேன்" என்றான். அப்புறம்தான் டி.சி. வாங்கினான்.

இப்போது அவன் பி.ஏ. வரலாறு படிக்கிறான். வகுப்பில் மற்றவர்கள் அவனை ‘அண்ணே’ என்கிறார்கள். இன்ஜினியரிங் கல்லூரிக் கூட்டாளிகள் இந்நேரம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது வயிற்றுக்குள் என்னவோ செய்யத்தான் செய்கிறது. பெரியப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் செய்தது சரியா தப்பா என்று தெரிய இன்னும் பல வருஷம் ஆகும்.

நண்பன் அதே கல்லூரியில், ஒரு செமஸ்டர் பின்தங்கி, தொடர்ந்து படிக்கிறான். பஸ்ஸில் நின்றபடி போனால் முழங்கால் வீங்கிவிடும். அதனால் தனக்கு வகுப்பு இல்லாத நாட்களில் அவனைக் கொண்டுபோய் விடுவது இவன் வேலை. முதல் திறப்பு வரும். இன்றைக்கும் நாலைந்து பைக்குகள் அதில் புகுந்து ராங் சைடில் போகும். இவன் நேராகப் போவான்.

"மாப்ள, லேட்டாகுதுடா" என்பான் நண்பன், கிண்டலாக.

"ஆறு நிமிசந்தானடா" என்பான் இவன்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளித் திறப்பு வரும். வலது இண்டிகேட்டர். கண்ணாடி. பின்னால் ஒரு சிமெண்ட் லாரி வந்துகொண்டிருந்தால் அது போகும்வரை காத்திருப்பான். அப்புறம் திரும்புவான்.